முகமூடிக்குக் காசு கேட்கும் பிள்ளைகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள், பாடம் நடத்திய பழக்கம் இன்னும் விடவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. வாயையும் மூக்கையும் மூடும் ரப்பர் முகமூடியை மாட்டிக்கொண்டு வேகமாக ஓடினால், ஆக்சிஜன் குறைந்து மரபணுவே மாறிவிடுமாம். போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் என் அண்ணன் பேரன் அதை வாங்கக் காசு கேட்கிறான். வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் நீங்கள் என்றைக்குக் கேட்டிருக்கிறீர்கள்?

ஓடினால் மரபணு மாறாது. 'இந்தப் பாடம் தேர்வுக்கு இல்லை' என்று புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வோமே, அதுபோல டி.என்.ஏ.வின் மேல் மீத்தைல் என்னும் சின்னச் சின்ன அடையாளங்கள் ஒட்டியிருக்கின்றன. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் அவை நிறைய இருந்தால், அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். பென்சில் அடையாளம் மாறலாம், அச்செழுத்து மாறாது. எபிஜெனெடிக்ஸ் என்பது இந்தப் பென்சில் வேலையைப் பற்றிய படிப்பு.

பயிற்சி இந்த அடையாளங்களை மாற்றுகிறது என்பது உண்மைதான். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 23 பேர் மூன்று மாதம் ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். மற்றொரு கால் சும்மா இருந்தது. ஆள் ஒருவர், சாப்பாடு ஒன்று, தூக்கம் ஒன்று. அப்படியானால் கால்களுக்குள் வித்தியாசம் வந்தால் அது பயிற்சியால்தானே? எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்! பயிற்சி பெற்ற காலின் தசையில் ஏறக்குறைய 5,000 இடங்களில் அடையாளங்கள் மாறியிருந்தன. அவர்கள் சுவாசித்தது சாதாரணக் காற்று.

ஆக்சிஜனுக்கும் இதில் பங்கு உண்டு. அடையாளங்களை அழிக்கும் சில நொதிகள் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். உயிரணு ஆக்சிஜன் குறைவை எப்படி உணர்கிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2019-இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் ஆக்சிஜனைக் குறைத்து ஓடினால் இந்த அடையாளங்கள் வழியாக ஓட்டக்காரருக்கு இன்ன லாபம் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை.

சரி, முகமூடிக்கு வருவோம். ஊட்டிக் காற்றிலும் ஆக்சிஜன் நம் ஊரைப் போல 21 விழுக்காடுதான். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைகிறது. (1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் இதே உயரம்தான். நீண்ட ஓட்டக்காரர்கள் அங்கே திணறிப்போனார்கள்.) முகமூடி இந்த மலைக்காற்றை உண்டாக்குவதில்லை. வழியைச் சுருக்கி, மூச்சை இழுக்கக் கஷ்டப்படுத்துகிறது. மலையில் பயிற்சி எடுக்கும் வீரர்கள் வாரக்கணக்கில் இரவும் பகலும் அங்கேயே தங்குகிறார்கள். அதனால்தான் ரத்தச் சிவப்பணுக்கள் கூடுகின்றன. அரைமணி நேர முகமூடிக்கு அந்தச் சக்தி கிடையாது. மூச்சு முட்டி வேகம் குறைந்தால் பயிற்சிதான் கெடும்.

யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால், வீட்டில் இளைப்போ இதயக் கோளாறோ உள்ளவர்கள் விளையாட்டுக்குக்கூட அதை மாட்டிப் பார்க்க விடாதீர்கள்.