ஒழுக்கத்தின் பெயரால்

‘லாகிரிக்கு அடிமையானவனுக்குச் சர்க்காரே லாகிரி வஸ்துவை எடுத்துக் கொடுப்பதா?’ இப்படிக் கேட்கிறவர்கள் கேள்வி கேட்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் தீர்ப்புச் சொல்கிறார்கள். சொல்லிவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியும் விடுகிறார்கள். அந்தத் தூக்கத்தைக் கொஞ்சம் கெடுக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கனடாவின் மேற்குக் கோடியில் பிரிட்டிஷ் கொலம்பியா என்று ஒரு மாகாணம். லாகிரியால் விழுகிற பிணங்களை எண்ணி மாளாமல், 2016 ஏப்ரலில் அங்கே பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் 2023-ஆம் ஆண்டில் மட்டும் 2,500 பேருக்கு மேல் செத்தார்கள். ஏன் செத்தார்கள்? அபின் ஆசை நேற்று முளைத்ததா? அது மனிதனுக்குப் பழைய வியாதி. புதிதாக வந்தது ஃபென்டனில் என்ற செயற்கைச் சரக்கு. ஹெராயினைப்போல் சுமார் ஐம்பது மடங்கு வீரியம் உள்ளது. தெருவில் பொட்டலம் வாங்குகிறவனுக்கு அதில் இருப்பது எது, எவ்வளவு என்று தெரியாது. பல சமயம் விற்கிறவனுக்கே தெரியாது. நேற்று மயக்கம் தந்த அதே அளவு இன்று மூச்சை நிறுத்திவிடுகிறது. ஆசை கொன்றது என்பதைவிட, அளவு தெரியாமை கொன்றது என்பதே பொருந்தும்.

இதைப் புரிந்துகொண்ட சில டாக்டர்கள், அளவும் தரமும் தெரிந்த ஹைட்ரோமார்ஃபோன் மாத்திரையைச் சீட்டெழுதிக் கொடுத்தார்கள். 2020 மார்ச்சில், கொரோனாக் காலத்தில், மாகாண சர்க்காரே அதற்கு வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது. பலன் என்ன? 2024 ஜனவரியில் ‘பி.எம்.ஜே.’ என்ற மருத்துவப் பத்திரிகை ஓர் ஆய்வை வெளியிட்டது. இந்த முறையில் ஒரு நாள் மருந்தாவது பெற்றவர்கள் அடுத்த வாரத்தில் சாகும் அபாயம், பெறாதவர்களைவிட 61 சதவிகிதம் குறைவு. வாரத்தில் நாலு நாளோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்கு 91 சதவிகிதம் குறைவு.

எதிர்க்கட்சிச் சாட்சியையும் நான் மறைக்கப்போவதில்லை. அதே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகை ஒன்றில் வந்த ஆய்வு மாகாணம் முழுவதையும் கணக்கில் எடுத்தது. இத்திட்டத்துக்குப் பின் நச்சேறி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் தொகை கூடியது, மரணங்களில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை என்றது. ஆஸ்பத்திரிக் கணக்குக்குக் காரணம் தேட வேண்டியதுதான். ஆனால் மரணக் கணக்கு எப்படி மாறும்? தெருச் சரக்கை உபயோகிப்பவர்கள் சுமார் 2,25,000 பேர் என்று 2023-இல் அந்த மாகாணத்து மரண விசாரணை அதிகாரி அமைத்த நிபுணர் குழு சொன்னது. மருந்துச் சீட்டுப் பெற்றவர்களோ மாதம் 5,000 பேர்கூட இல்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டுவிட்டு, யானைக்கு இன்னும் பசி அடங்கவில்லையே என்று குறை சொல்வதில் என்ன நியாயம்?

‘மாத்திரையை வெளியே விற்றுவிடுகிறார்களே!’ என்கிறார்கள். சிலர் விற்கிறார்கள், மறுக்கவில்லை. அது தன் பிள்ளையின் கைக்குப் போய்விடுமோ என்று அஞ்சுகிற தாயை நான் கேலி செய்யவும் மாட்டேன். ஆனால் ஏன் விற்கிறான் என்று கேட்க வேண்டாமா? ஃபென்டனிலுக்குப் பழகிப்போன உடம்புக்கு அந்த மாத்திரை போதவில்லை. அதை விற்றுத் தெருச் சரக்கு வாங்குகிறான். அப்படியானால் போதுமான மருந்தைக் கொடுப்பதல்லவா பரிகாரம்? 2025 பிப்ரவரியில் சர்க்கார் என்ன செய்தது? மருந்துக்கடையில் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்று விதித்தது. சில மணி நேரமே தாங்குகிற மாத்திரை அது. நாளைக்கு எத்தனை முறை கடைக்கு நடப்பது? வேலைக்குப் போகிறவன் என்ன செய்வான்? மருந்துக்கடை பக்கத்து ஊரில் இருந்தால் என்ன செய்வான்? தெருமுனை வியாபாரி இப்படியெல்லாம் நிபந்தனை போடுவதில்லை!

கண்காணிப்பே தப்பு என்று நான் வாதாடவில்லை. வேறு சிகிச்சைகள் பலிக்காதவர்களுக்குச் சுவிட்சர்லாந்து 1994 முதல் கிளினிக்கில் வைத்து, கண்ணெதிரே, சுத்தமான ஹெராயினையே கொடுத்துவருகிறது. 2008-இல் ஜனங்களையே கேட்டார்கள். ஓட்டுப்போட்டவர்களில் 68 சதவிகிதம் பேர் சரி என்றார்கள். ஒழுக்கம் கெட்டா அப்படிச் சொன்னார்கள்? ஸூரிச் நகரின் நடுவே ஒரு பூங்கா முழுக்க ஊசியும் மனிதர்களுமாய்க் கிடந்த காட்சியை அனுபவித்து அறிந்த தேசம் அது. அங்கே கண்காணிப்பும் உண்டு. உடம்புக்குப் போதுமான மருந்தும் உண்டு. இங்கே மருந்து போதாது, கண்காணிப்பு மட்டும் உண்டு. இதற்குச் சிகிச்சை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

‘முதலில் லாகிரியை விடு, பிறகு உன்னைக் காப்பாற்றுகிறோம்’ என்பது கிணற்றில் விழுந்தவனிடம், நீந்தக் கற்றுக்கொண்ட பிறகு கயிறு வீசுகிறேன் என்பது போன்றது. திருந்த வேண்டும் என்று நீங்கள் விரும்புகிற மனிதன், திருந்துகிற நாள் வரைக்கும் உயிரோடு இருக்க வேண்டாமா? ஒழுக்கவாதிகள் இதற்குப் பதில் சொல்லட்டும்.