கார்புரேட்டர் காரும் ஒரு முழம் ரப்பர் ஓஸும்

பழைய கார் வச்சிருக்கிற மக்களே, இந்தப் பதிவு உங்களுக்குத்தான். புது கார்க்காரங்க ஓரமா நின்னு வேடிக்கை பார்க்கலாம் :-)

பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்குறதை 2023 பிப்ரவரியில ஆரம்பிச்சு வச்சாங்க. 2025ல அதை எதிர்த்துப் போட்ட வழக்கை சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. அப்போலேர்ந்து எல்லாரும் மைலேஜைப் பத்தியே புலம்புறாங்க. பழைய கார்ல 6-7 சதவீதம் குறையும்னு நிதி ஆயோக்கே 2021ல சொல்லியாச்சு, சரி. என்னைக் கேட்டா மைலேஜ் சில்லறை விஷயம். பானட்டுக்குள்ள இருக்கிற பெட்ரோல் ஓஸ்தான் நிஜமான கவலை.

நம்ம வண்டி 1997 மாருதி 800. டேங்க்லேர்ந்து பில்டர், அங்கேர்ந்து இன்ஜின் மேல உட்கார்ந்திருக்கிற மெக்கானிக்கல் பம்ப், அப்புறம் கார்புரேட்டர். இடையில எல்லாம் ரப்பர் ஓஸ். இதெல்லாம் எத்தனாலைக் கணக்குல எடுக்காத காலத்து ரப்பர். எத்தனால் பட்டா ஊதும், இளகும். வண்டி சும்மா நின்னா காய்ஞ்சு வெடிக்கும். ஒழுகினா கீழே கொதிக்கிற இன்ஜின், பக்கத்துல ஸ்பார்க் போற வயர். வேற விளக்கம் வேணுமா?

20,000 - 30,000 கிலோமீட்டர் ஓடின பிறகு சில பழைய வண்டிகள்ல ரப்பர் பாகங்களை மாத்த வேண்டி வரலாம், செலவு கம்மி, வழக்கமான சர்வீஸ்லயே முடிஞ்சிடும்னு பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்ல சொல்லுச்சு. செலவு கம்மிங்கிறது உண்மை. மத்தது? என் வண்டி வருஷத்துக்கு 2000 கிலோமீட்டர் ஓடினா அதிகம். 20,000 ஆக பத்து வருஷம்! ரப்பர் மீட்டரைப் பார்த்தா கெட்டுப் போகுது? சர்வீஸ்ல ஆயில் மாத்துவாங்க, வாட்டர் வாஷ் அடிப்பாங்க. ஓஸை வளைச்சு வெடிப்பு இருக்கான்னு பார்த்த ஆளை நான் இன்னும் பார்க்கலை. அதனால கார்புரேட்டர் வண்டியா இருந்தா நாமளே மாத்திடுறதுதான் சரி.

ராத்திரி பூரா ஆறின இன்ஜின், டேங்க்ல கம்மி பெட்ரோல், திறந்தவெளி, கைக்கெட்டுற தூரத்துல பவுடர் தீயணைப்பான். முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. டேங்க் மூடியைத் திறந்தா உள்ள இருக்கிற அழுத்தம் போயிடும். பழைய ஓஸ் ஒட்டிக்கிட்டு வரலைன்னா இழுக்காதீங்க, பம்ப்போட குழாய் வளைஞ்சிடும். பிளேடால நீளவாக்குல கீறி உரிச்சுடுங்க. கிளிப்பும் புதுசா போடுங்க. பில்டரையும் கையோட மாத்திடலாம். அதுல இருக்கிற அம்புக்குறி பம்ப்பைப் பார்க்கணும். முடிச்சதும் உடனே ஸ்டார்ட் ஆகலைன்னு பயப்படாதீங்க, காலி ஓஸ் நிரம்ப கொஞ்ச நேரம் செல்ப் அடிக்கணும். அப்புறம் டார்ச் அடிச்சு ஒவ்வொரு கிளிப்பா பாருங்க.

ஓஸ் வாங்கும்போதுதான் உஷார் வேணும். ஜிபி ரோடு கடையில "எல்லாம் ஒண்ணுதான் சார்"னு எதையாவது நீட்டுவாங்க. ஒண்ணு இல்லை. பழைய துண்டை அளவுக்குக் கொண்டு போங்க, ஓஸ் மேலயே 'எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9'னு அச்சடிச்சிருக்கிறதாப் பார்த்துக் கேளுங்க. கார்புரேட்டருக்கு இது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனா எத்தனாலைத் தாங்கும்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்காரங்க மட்டும் இதைப் படிச்சுட்டு ஸ்பானரை எடுத்துடாதீங்க. உங்க லைன்ல இருக்கிற அழுத்தம் இதைவிடப் பத்து மடங்கு, இன்ஜினை நிறுத்தின பிறகும் உள்ளேயே நிக்கும். கழட்டினா மூஞ்சியில பீச்சும். அதை மெக்கானிக்கே செய்யட்டும். நீங்க பக்கத்துல நின்னு, எந்த ஓஸ் போடுறார்னு மட்டும் பாருங்க.