எரியாததை எப்படி அணைப்பது?
போன வாரத்து இடிமழைக்குப் பிறகு எங்கள் தெருவில் பல வீடுகளில் இணையம் இல்லை. “கண்ணாடி இழைதானே சார், அதுல எப்படி கரண்ட் பாயும்?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நியாயமான கேள்வி. செம்புக் கம்பிக் காலத்தில் போனை எடுத்துக் காதில் வைத்தாலே போதும். கரகரவென்றால் லைனில் ஈரம், டயல் டோனே இல்லையென்றால் கம்பி அறுந்திருக்கும். இப்போது காதுக்கு வேலையில்லை. மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை, கோளாறு பெரும்பாலும் தெருவில். என் வீட்டிலோ எந்த விளக்குமே எரியவில்லை. சேவை மையத்துப் பெண் மூன்று முறை “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்றார். எரியாததை எப்படி அணைப்பது! கடைசியில் பார்த்தால், செத்தது 12 வோல்ட் அடாப்டர். மின்னல் இழை வழியாக வரவில்லை, சுவர் பிளக் வழியாக வந்திருக்கிறது. அடாப்டரை மாற்றியதும் வைஃபை பிழைத்துக்கொண்டது. மேசைக் கணினிக்கு லேன் வயர் போகும் போர்ட் மட்டும் இன்றுவரை ஊமை. அந்த வயருக்குள் இருப்பதும் செம்புதான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. வானம் கறுத்தாலே டிவி பிளக்கையும் ஆன்டெனா வயரையும் பிடுங்கிப்போடுவார் அம்மா. சுவிட்சை அணைத்தால் போதாதா என்று சிரிப்போம். போதாது, சுவிட்சுக்குள் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி மின்னலுக்கு ஒரு பொருட்டே இல்லை. மேகம் திரளும்போதே பிளக்கையும் லேன் வயரையும் கழற்றி வையுங்கள். இடிக்கத் தொடங்கியபின் மட்டும் தொடப் போகாதீர்கள்.