ஜிம்னி வாங்கியாச்சு... ரூஃப்டாப் டென்ட் மாட்டுறதுக்கு முன்னாடி எடை மேடைக்குப் போங்க ப்ரோ!

2023 கிறிஸ்துமஸ் நேரம். இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பக்கம் செம டிராஃபிக் ஜாம். பொறுமையிழந்த ஒரு தார் டிரைவர், வண்டியைச் சாலையிலிருந்து இறக்கி நேரா சந்திரா நதிக்குள் விட்டார். வீடியோ வைரலானது, போலீஸ் அபராதம் போட்டது. அதைப் பார்த்துத் திட்டியவர்களும் உண்டு. 'நாமளும் ஒண்ணு வாங்கணும்டா' என்று நினைத்தவர்களும் உண்டு. உண்மையைச் சொன்னால், நான் இரண்டாவது ரகம்.

2020 அக்டோபரில் புதிய தார், 2023 ஜூனில் ஐந்து கதவு ஜிம்னி, 2024 ஆகஸ்ட்டில் தார் ராக்ஸ். எஸ்டேட் ஓனர்களின் வண்டியாக இருந்த 4x4, இப்போது இ.எம்.ஐ-யில் நம் அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்கே வந்துவிட்டது. கூடவே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும். கூரையில் டென்ட், பின்னால் ஃபிரிட்ஜ், முன்னால் கம்பி பம்பர், ஆளுயர டயர். வண்டி வாங்கிய மூன்றாவது மாதமே மாடிஃபிகேஷன் கடை வாசலில் நிற்கிறோம். அங்கே யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இந்த வண்டி எவ்வளவு எடை தாங்கும்?

ஜிம்னியையே எடுத்துக்கொள்வோம். வண்டியின் எடை சுமார் 1,200 கிலோ. ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. ஆக, நம் கையில் இருப்பது 345 கிலோ. ஆளுக்கு 70 கிலோ என்று நான்கு பேர் ஏறினால் 280 போச்சு. மிச்சம் 65. ஒரு ஹார்ட்ஷெல் ரூஃப்டாப் டென்ட் மட்டுமே 50 கிலோவைத் தாண்டும். அதை மாட்டும் ரேக், 20 லிட்டர் தண்ணீர், ஸ்டவ், டூல்ஸ் எல்லாம் இனிமேல்தான்!

எடை கூடினால் மைலேஜ்தானே குறையும் என்று நினைக்க வேண்டாம். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும். கூரையில் எடை ஏறினால், ஏற்கெனவே உயரமான வண்டி கொண்டை ஊசி வளைவில் இன்னும் சாயும். கூரை எவ்வளவு தாங்கும் என்பது ஓனர்ஸ் மேனுவலில் தனியாகவே இருக்கும். நம்மில் எத்தனை பேர் அதைப் பிரித்திருக்கிறோம்?

டயர் மேட்டரும் இப்படித்தான். ஜிம்னியின் 195/80 டயரைக் கழற்றிவிட்டு 235/75 போட்டால் சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 6 சதவிகிதம் கூடுகிறது. கிடைக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸ் வெறும் 2 சென்டிமீட்டர்தான். ஆனால், ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும். இன்ஜின் இழுவையும் மந்தமாகும்.

சட்டம் என்ன சொல்லுது?

ஆர்.சி-யில் இருக்கும் விவரங்கள், கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரங்களிலிருந்து மாறக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பி பம்பருக்கு எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டது. ரோட்டில் நடந்து போகிறவருக்கு அது எமன். மோதலின்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் கெடுக்கலாம்.

"எல்லாரும்தானே மாட்டியிருக்காங்க?" என்று கேட்கலாம். விபத்து நடக்காதவரை சரி. நடந்துவிட்டால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளைமைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். அப்போது கடைக்காரர் வர மாட்டார்.

இன்னொன்று, ரீல்ஸில் வருவதுபோல நம்மூர்க் காட்டுக்குள் இஷ்டத்துக்கு டென்ட் போட முடியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேறு.

அப்போ எதற்குத்தான் செலவு செய்வது? என்னைக் கேட்டால் ஒரு ஏர் கம்ப்ரஸர், நல்ல ரெக்கவரி கயிறு, பிரஷர் கேஜ். மணலில் டயர் காற்றை 18-20 பி.எஸ்.ஐ-க்குக் குறைத்தாலே பாதிப் பிரச்னை தீரும். தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி அடித்துவிட வேண்டும். ஃபிரிட்ஜ் வைத்தே தீருவேன் என்பவர்கள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டுத் தனி வயர் இழுங்கள். ஒயரிங்கை வெட்டி ஒட்டுவது தீயோடு விளையாடுவது.

டிரிப் முடிந்து வந்ததும் வண்டியைக் கழுவி ஸ்டோரி போடுவதோடு வேலை முடிவதில்லை. தண்ணீருக்குள் இறக்கியிருந்தால் டிஃபரென்ஷியல் ஆயிலைப் பார்க்கணும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்றணும். வீல் நட்டுகளையும் ஒருமுறை முடுக்கிப் பார்க்கணும்.

ஜிம்னி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இந்த எடைக் கணக்கைச் சொன்னேன், நம்பவில்லை. கொல்லிமலைக்குக் கிளம்பும் வழியில் நான்கு பேர், முழு சாமான்களோடு லாரிகள் நிற்கும் எடை மேடையில் வண்டியை ஏற்றியிருக்கிறார். சீட்டில் வந்த எண்: 1,680. அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார், கமென்ட் எதுவும் இல்லாமல். அடுத்த வாரமே ஸ்டீல் பம்பரைக் கழற்றிவிட்டார். டென்ட் இப்போது மொட்டைமாடியில் இருக்கிறது; அவர் பையன் அதற்குள் உட்கார்ந்துதான் ஹோம்வொர்க் எழுதுகிறானாம்.