ஆடும் நெற்களமும்

ஒரு பிள்ளை சிலேட்டில் ஆடு வரைகிறது. பக்கத்தில் ஒரு வட்டம், அதன் நடுவே குவித்த நெல். "ஆடுகளம்!" என்று நாலு பேர் ஒன்றாகக் கத்துகிறார்கள். நகரத்துக் கல்லூரி விழாவில் இதே பெயரை நடித்துக் காட்டுகிறவர் முதலில் ஆடுவார், பிறகு கைகளை அகல விரித்து மைதானம் காட்டுவார். எங்கள் சுத்துக்கேணிக் கிராமத்துப் பிள்ளைக்குக் களம் என்றால் நெல் போரடிக்கும் இடம். வெற்றிமாறனின் அந்த 2011ஆம் ஆண்டுப் படம் மதுரைச் சேவற்சண்டையைப் பற்றியது. ஆட்டுக்கும் நெல்லுக்கும் அந்தக் கதையில் வேலை இல்லை. இருந்தும் குறிப்பு நொடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வரைந்த பிள்ளைக்கும் கத்திய பிள்ளைகளுக்கும் தெரிந்த களம் ஒன்றுதான்.

பெயரைத் துண்டு துண்டாக்கிக் குறிப்புக் கொடுக்கும் வழி பழையது. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸில் இது வெறும் வாய்ப் புதிர்: என் முதல் துண்டு இது, இரண்டாவது துண்டு அது, முழுசாக நான் யார்? நடித்துக் காட்டுவது பின்னால் வந்து சேர்ந்தது. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரி மண் என்றாலும், எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு இந்த விளையாட்டு அவர்கள் வழியாக வந்ததாகத் தெரியவில்லை. கல்லூரிக்குப் போன அண்ணன்கள் 'டம்ப் சரேட்ஸ்' என்று கொண்டுவந்தார்கள். விஜய் டிவியில் ஜெகன் நடத்திய 'கனெக்‌ஷன்' நிகழ்ச்சி படங்களைக் கோத்துப் பெயர் கண்டுபிடிக்கும் பழக்கத்தை வீட்டுக்கு வீடு விதைத்தது.

அதற்கும் முன்னால் கடைசி பெஞ்சு விளையாட்டு ஒன்று உண்டு. நோட்டின் பின்பக்கத்தில் எழுத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, எந்தப் படம் என்று கேட்பார்கள். ஒன்பது கோடு விழுந்தால் விவரம் தெரிந்தவர்கள் யோசிக்கவே மாட்டார்கள், டி.ராஜேந்தர்தான். உயிருள்ளவரை உஷா, தங்கைக்கோர் கீதம், உறவைக் காத்த கிளி, மைதிலி என்னை காதலி, என் தங்கை கல்யாணி, சம்சார சங்கீதம். புள்ளி வைத்த எழுத்தையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், எல்லாம் ஒன்பது. ஒரு இயக்குநரின் நம்பிக்கை மாணவர்களுக்கு இலவசக் குறிப்பாகிப் போனது.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை போட்டிகள். ஒரு அணி ஜெயிக்கும், ஒரு அணி தோற்கும். சத்தமாகப் பேசத் தெரிந்தவர்கள் முன்னால் நிற்பார்கள், வயதானவர்கள் வேடிக்கை பார்க்க ஒதுங்கிவிடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அதனால்தான் 'ஜஸ்ட் ஒன்' என்ற விளையாட்டைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். லுடோவிக் ரூடி, புரூனோ சோட்டர் என்ற இருவர் உருவாக்கி 2018இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருதை வாங்கியது. இதில் அணியே கிடையாது, எல்லோரும் ஒரே பக்கம்.

ஒருவர் மட்டும் சொல்லைப் பார்க்காமல் இருப்பார். மற்றவர்கள் அவருக்காக ஆளுக்கு ஒரே ஒரு சொல்லைக் குறிப்பாக எழுத வேண்டும். எழுதியதை அவர் பார்ப்பதற்கு முன் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டு பேர் ஒரே சொல்லை எழுதியிருந்தால் இரண்டையும் அழித்துவிட வேண்டும். மிஞ்சியதை வைத்து அவர் கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் 13 சீட்டு. தப்பாகச் சொன்னால் அந்தச் சீட்டோடு அடுத்த சீட்டும் போய்விடும், அதனால் தெரியாதபோது 'விடு' என்பதே நல்லது. கடையில் விற்கிற பெட்டியை நாங்கள் வாங்கவில்லை. தேதி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் சினிமாப் பேர்களை எழுதிக்கொண்டோம். குறிப்பு எழுதச் சிலேட்டும் பல்பமும். எழுதப் படிக்காத ஆயா தன் குறிப்பைப் பேத்தியின் காதில் சொல்வார், பேத்தி எழுதிவிடுவாள்.

'விக்ரம்' என்ற சீட்டு வந்த அன்று இந்த விளையாட்டின் முழு ருசியும் தெரிந்தது. கண்டுபிடிக்க வேண்டியவன் சேதராப்பட்டுக் கம்பெனியில் ஷிப்டு முடித்துவிட்டு வந்திருந்த தம்பி. இரண்டு பேர் 'கமல்' என்று எழுதியிருந்தார்கள், அழித்தாயிற்று. தாத்தா 'சுஜாதா' என்று எழுதினார். 1986ஆம் ஆண்டு விக்ரமுக்குக் கதை சுஜாதாதானே. மாமா டிம்பிள் கபாடியாவை நினைத்து 'டிம்பிள்' என்று எழுதினார். அவரும் பழைய படத்தில்தான் நின்றார். பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. 2022இல் லோகேஷ் கனகராஜ் எடுத்ததுதான் அவளுக்கு விக்ரம், அதனால் அதில் வரும் 'டீனா'வை எழுதினாள். தம்பி சுஜாதாவைப் பார்த்து 'எந்திரன்' பக்கம் போனான். டீனாவைப் பார்த்ததும் திரும்பினான். "விக்ரமா?" என்றான். தாத்தாவும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்து, "அந்தப் படமா?" "எந்தப் படம் தாத்தா?" என்று ஆரம்பித்ததில் அடுத்த சீட்டை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் சொல் அழிந்துபோகும் என்ற பயம் இந்த விளையாட்டில் எப்போதும் இருக்கும். சரி, நான் கமலை எழுத மாட்டேன் என்று எல்லோருமே ஒதுங்கிக்கொண்டால் கமலே இல்லாமல் போய்விடுவார், கண்டுபிடிக்கிறவர் காட்டில் விட்டதுபோல் நிற்பார். ஆகவே பக்கத்தில் இருப்பவர் என்ன எழுதுவார், எதிரில் இருப்பவருக்கு எது நினைவிருக்கும் என்று இரண்டையும் நினைக்க வேண்டியிருக்கிறது. தனக்கு என்ன தெரியும் என்பது இரண்டாம்பட்சம். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க எந்தப் பாடமும் இல்லை.

"எப்பப் பாரு சினிமா" என்று பிள்ளைகளைத் திட்டும் பெரியவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. கரும்பு வெட்டியவருக்கும், கம்பெனி பஸ் ஏறுகிறவனுக்கும், தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருக்கும் பெரிய சேமிப்பு இந்தப் படங்கள்தான். அதை எடுத்துச் செலவழிக்க ஒரு காரணம் வேண்டாமா?

சீட்டு எழுதும்போது இரண்டு தலைமுறைக்கும் சொந்தமான பெயர்களை முதலில் எழுதுங்கள். ரஜினி நடித்து 1980இல் வந்த பொல்லாதவன் தனுஷுக்கு 2007இல் வந்தது. தங்கமகன் 1983, பிறகு 2015. படிக்காதவன் 1985, பிறகு 2009. மாப்பிள்ளை 1989, பிறகு 2011. நான்கிலும் முன்னவர் ரஜினி, பின்னவர் தனுஷ். இந்த நான்கு சீட்டுக்கும் 'ரஜினி' என்றோ 'தனுஷ்' என்றோ எழுதினால் கண்டுபிடிக்கிறவர் நான்கு பெயருக்கு நடுவே மாட்டிக்கொள்வார். வேறு சொல் தேட வேண்டும். பொல்லாதவனுக்கு எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை 'பைக்' என்று எழுதினான். தாத்தாவுக்கு அது பிடிபடவில்லை, அந்தச் சீட்டு போயிற்று.