வண்டியும் வழியும்: காற்றுக்கு ஒரு காவல்

சென்ற இதழில் டயர்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகன் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் இல்லத்திற்கு வந்தான். குருகிராமில் பொறியாளனாகப் பணிபுரிபவன். பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு, வேறொருவர் ஓட்டிய மஸ்டாங் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறான். அந்தப் பணத்தைத் துவாரகையில் ஒரு வீட்டிற்கு முன்பணமாகக் கட்டியிருக்கலாமே என்று தந்தைக்கு மனத்தாங்கல். அது தீரும்வரையிலாவது வண்டிக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பது மகனின் கவலை.

"மாமா, ஏர் ஃபில்டர் மாற்ற வேண்டும். கழுவித் திரும்பத் திரும்பப் போடும் பருத்தி ஃபில்டர் வாங்கினால் பத்துக் குதிரைத் திறன் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா?" என்று கேட்டான்.

அன்று அவனுக்கு அளித்த விடையே இம்மாதக் கட்டுரை. ஸ்போர்ட்ஸ் கார் உடையவர் நம்முள் மிகச் சிலரே. ஆயினும் இவ்விடை நம் வீட்டு வாசலில் நிற்கும் எளிய வண்டிகளுக்கும் பொருந்துவதாகும்.

முதலில் எஞ்சின் எவ்வளவு காற்றை உட்கொள்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். 2016-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மஸ்டாங்கின் எஞ்சின் எட்டு சிலிண்டர்களும் ஏறத்தாழ 5 லிட்டர் கொள்ளளவும் உடையது. இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை அது தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். நிமிடத்திற்கு 6,000 சுழற்சியில் முழு வேகத்துடன் ஓடினால் நிமிடத்திற்குச் சுமார் 15,000 லிட்டர் காற்று வேண்டும். அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவர் நிமிடத்திற்கு ஏழெட்டு லிட்டரே சுவாசிக்கிறார். நம் பொங்கல் விழாவிற்கு இரண்டாயிரம் பேர் திரண்டால் அவர்கள் அனைவரும் விடும் மூச்சை அந்த ஓர் எஞ்சின் தனியே விடுகிறது!

அந்த மூச்சு எங்கிருந்து வருகிறது? வைகாசி, ஆனி மாதங்களில் இராஜஸ்தானத்து மணலைச் சுமந்து வரும் 'ஆந்தி'யை டில்லிவாசிகளுக்கு நான் வருணிக்க வேண்டுவதில்லை. அம்மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்ஸ் என்னும் கனிமம் சாதாரண எஃகைக் காட்டிலும் கடினமானது. மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கே உள்ள துகளும் பிஸ்டன் வளையத்திற்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே புகுந்துவிட்டால் உப்புத்தாளைப் போலத் தேய்க்கத் தொடங்கும். அதனைத் தடுக்கும் காவற்காரனே ஃபில்டர்.

காவலர் இருவகையினர். ஒருவர் மடிப்பு மடிப்பாக அமைந்த காகிதத்தால் ஆனவர். மற்றவர் எண்ணெய் தடவிய பருத்தித் துணியால் ஆனவர். பொதுவாகப் பருத்தி காற்றை எளிதில் விடும். ஆயின் நுண்ணிய தூசியைத் தடுப்பதில் நல்ல காகிதமே முன்னிற்கும். மேலும், பருத்தியைக் கழுவியபின் எண்ணெயை அளவறிந்து தடவ வேண்டும். குறைந்தால் தூசி நுழையும். மிகுந்தாலோ, காற்றின் அளவைக் கணிக்கும் மெல்லிய சூட்டுக் கம்பியின்மீது எண்ணெய் படிந்து கணக்கைப் பிறழச் செய்யக்கூடும்.

பந்தயத் திடலுக்கு மட்டுமே செல்லும் வண்டியாயின் பருத்தியைக் குறைகூற மாட்டேன். கிரேட்டர் நொய்டாவில் 2011-இல் திறக்கப்பட்ட புத்தா பந்தயத் திடலை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரு நொடியின் பகுதியும் பெரிது. எஞ்சினையும் அடிக்கடி பிரித்துப் பார்ப்பார்கள். நம் இளைஞனோ நாள்தோறும் குருகிராமிற்குச் சென்று வருபவன். நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அந்தப் பத்துக் குதிரைகள் கிடைத்தாலும் அவை கட்டுத்தறியிலேயே நிற்கும்.

பெட்டியை அகற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தவாறு பொருத்துவோரும் உளர். அதில் எழும் உறுமல் காதுக்கு இனிது. ஆனால் அது எஞ்சின் அறையின் வெப்பக் காற்றை உறிஞ்சுகிறது. காற்று 10 பாகை சூடேறினால் அதன் அடர்த்தி சுமார் 3 விழுக்காடு குறைகிறது. திறன் கூட்டப் போட்ட பொருளே திறனைக் குறைப்பது வேடிக்கையன்றோ?

"அப்படியானால் காகிதம் அடைத்துக்கொண்டு பெட்ரோலைக் குடிக்காதா?" என்று வினவினான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தார் இதனைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டனர். கணிப்பொறி எரிபொருளை அளந்து செலுத்தும் இக்கால வண்டிகளில், ஃபில்டர் அடைபட்டாலும் பெட்ரோல் செலவு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. வேகமெடுக்கும் ஆற்றலே குறைந்தது. ஆகவே அடைபட்ட ஃபில்டர் வேகத்தைத் திருடும். சந்துள்ள ஃபில்டரோ எஞ்சினையே திருடும். முன்னதற்குப் புதிய ஃபில்டர் போதும். பின்னதற்குப் பரிகாரம் எளிதன்று.

இதனை நான் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்குமுன் என் பழைய காரின் காகித ஃபில்டரை, புதியது வாங்கும் செலவுக்கு அஞ்சி, பஞ்சர்க் கடையின் அழுத்தக் காற்றால் ஊதி ஊதிப் பொருத்தி வந்தேன். மடிப்பின் அடியில் காகிதம் கிழிந்திருந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டே ஆண்டுகளில் வண்டி நீலப்புகை கக்கியது, எண்ணெயைக் குடித்தது. சிலிண்டரைக் கடைந்து சீர்செய்த செலவில் என் மூத்த மகளின் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணம் கரைந்தது. கட்டணத்திற்குக் கடன் வாங்கினேன். அந்த நாட்களில் என் மனைவி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாக இருந்தது.

பின்னர் இருவரும் வண்டியருகே சென்று ஃபில்டர்ப் பெட்டியைத் திறந்தோம். முன்னவர் போட்டிருந்தது பருத்தி வகையே. அதனை எடுத்துவிட்டு, அதற்கு அப்பால் எஞ்சினை நோக்கிச் செல்லும் குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைக்கச் சொன்னேன். துணியில் செம்பழுப்பு நிறம் ஏறியது. ஃபில்டரின் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் சரியாகப் படியாததால், காவற்காரன் வாயிலில் நிற்க, தூசி பக்கத்துச் சந்து வழியே உள்ளே போயிருக்கிறது. அவன் முகம் வாடியது. எட்டு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் சோதிக்கச் சொல்லி அனுப்பினேன். எட்டும் ஏறக்குறைய ஒத்த அளவே காட்டின என்று மறுநாள் மாலை தொலைபேசியில் தெரிவித்தான். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆதலின் ஃபில்டர் வாங்கும் அன்பர்கள் சிலவற்றை நினைவிற் கொள்க. வண்டியின் கையேட்டிலுள்ள பாக எண்ணைக் குறித்துச் சென்று அதனையே கேளுங்கள். காஷ்மீரி கேட் கடைவீதியில் அசலும் போலியும் அருகருகே இருக்கும். விலை மிக மலிவாயின் ஐயுறுக. வேறு நிறுவனத்தின் பொருளாயின், ஐஎஸ்ஓ 5011 முறைச் சோதனையில் எத்தனை விழுக்காடு தூசியைத் தடுத்தது என்று வினவுக. ரப்பர் விளிம்பு சுற்றிலும் படிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தபின்னரே பெட்டியை மூடுக. கையேட்டில் தூசி மிக்க ஊர்களுக்குக் கூறிய தவணையையே நமதாகக் கொள்க. ஆந்தி அடித்து ஓய்ந்ததும் ஒருமுறை திறந்து பார்ப்பது நன்று. ஆயினும் சிறிது அழுக்கேறியது கண்டு அஞ்சி மாற்ற வேண்டா. படிந்த தூசியும் ஓரளவு காகிதத்திற்குத் துணையாக நின்று தடுக்கும். அழுத்தக் காற்றால் மட்டும் ஊதாதீர்கள்.

மஸ்டாங்கிற்குரிய காகித ஃபில்டர் வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை வண்டியை எடுக்காமல் மெட்ரோவிலேயே அலுவலகம் சென்று வந்தான். அதனைப் பொருத்திய அன்று மாலை தந்தையை அருகில் அமர்த்தி என் இல்லத்திற்கு ஓட்டி வந்தான். "ஏதோ சின்ன அட்டைக்காக மூன்று வாரம் காத்திருந்தானாம்" என்றார் அவர். குரலில் பழைய மனத்தாங்கல் இல்லை. பொருளைப் பேணத் தெரிந்தவன் என்று மகனைப் பற்றி அவர் அன்று அறிந்துகொண்டார் போலும்.