'யூ' என்றாலே நீங்கள்தான்

பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இங்கிலாந்தில் ஒரு பேராசிரியையிடம் ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு மின்னஞ்சல் எழுதியிருந்தாள். "மரியாதை போதுமான்னு பாருங்க தாத்தா." 'ரெஸ்பெக்டட் மேடம்' என்று தொடங்கி, 'ஐ ஹம்பிளி பெக்' என்று குனிந்து, 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று முடிந்திருந்தது. அவளுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் ஒன்பதாவது வரியில் பதுங்கிக்கிடந்தது.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். தாலுகா அலுவலகத்தில் 31 வருடம் நானும் இப்படித்தான் எழுதினேன். வெள்ளைக்காரன் காலத்து மனு நடை இது. அவன் ஊரிலேயே இதற்கு எதிர்ப்பு கிளம்பிவிட்டது. அரசு ஊழியர்கள் ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதவேண்டும் என்று பிரிட்டிஷ் நிதித்துறை கேட்டுக்கொள்ள, எர்னஸ்ட் கோவர்ஸ் 'ப்ளெயின் வேர்ட்ஸ்' கையேட்டை எழுதினார். வருடம் 1948. நாம்தான் இன்னும் விடவில்லை.

காரணம் ஒரு பயம். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் வித்தியாசம் கிடையாதே, மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று வரிக்கு வரி 'சார்' போடுகிறோம். கதை உண்மையில் தலைகீழ். அந்தக் காலத்தில் அவர்களுக்கும் 'தௌ' என்ற 'நீ' இருந்தது. 1603இல் வால்டர் ராலி மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் வேண்டுமென்றே 'தௌ' என்று அவரை ஒருமையில் ஏசினார். அந்த நூற்றாண்டிலேயே 'தௌ' பொதுப்பேச்சிலிருந்து தேயத் தொடங்கியது. மிஞ்சிய 'யூ' பன்மை, நம்முடைய 'நீங்கள்'. முதலமைச்சருக்கும் யூ, நாய்க்குட்டிக்கும் யூ!

அவர்களுடைய பணிவு வினைச்சொல்லில் இருக்கிறது. 'கேன் யூ' என்பதை 'குட் யூ' ஆக்கினால் போதும், கேள்வி ஓரடி தள்ளி நின்று கேட்கும். காலில் விழவேண்டியதில்லை.

'பெக்'கை அடித்ததும் அவள் முகம் மாறியது. "திமிராத் தெரியாதா தாத்தா?" தெரியாது என்றேன். 'டியர் புரொபசர்' என்று போட்டு, கூடவே அந்த அம்மாவின் குடும்பப் பெயர். இரண்டாவது வரியிலேயே விஷயம். மொத்தம் ஆறு வரி.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுப்புக் கடிதத்தில் 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'யை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். காய்ச்சல், இன்று வரமுடியவில்லை, நாளை வருகிறேன். பிள்ளைகள் அதை மட்டும் எழுதட்டும்.